ஸ்கூட்டர் கம்பெனியின் வரலாற்றை நான் தமிழாக்கியது

அந்தப் புத்தகத்தை எங்கள் பாடசாலை அதிபர்தான் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வழவழப்பான தடித்த தாள். அட்டையில் ஒரு பெண் ஹெல்மட் இல்லாமல், தலைமுடி காற்றில் பறக்க, ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறாள். உள்ளே முழுவதும் ஆங்கிலம். அயல்நாட்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்று தன்னுடைய வரலாற்றைத் தானே எழுதி அச்சடித்திருந்தது. வாகன இறக்குமதித் தடை நீங்கியதும் அந்தக் கம்பெனியின் வண்டிகளை விற்கிற கல்முனை ஷோரூம் புதுக் கட்டடத்துக்கு மாறப் போகிறதாம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமாம். ஷோரூம் முதலாளி ஹாஜியார் அதிபருக்கு உறவு.

"இங்கிலீஷ் டீச்சர் நீங்க இரிக்கக்க நாங்க வேற யாருட்டப் போற?" என்றார் அதிபர்.

அந்த ஷோரூமின் பெயர்ப்பலகையைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே, கல்முனை பசாருக்குப் போனால் வீதியின் மற்றப் பக்கத்தால் நடக்கிறவள் நான். நாலு வருஷமாக அப்படித்தான். அதிபருக்கு அது தெரியாது. செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை. என்னையும் என் தங்கச்சியையும் வீதியில் தூக்கி எறிந்த ஒரு வண்டியைச் செய்தவர்கள் தங்களைப் பற்றி என்னதான் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. வெறுப்பும் ஒரு மனிசியைப் படிக்க வைக்கும்.

அந்த ஸ்கூட்டரை நான் வாங்கியது இறக்குமதியை நிறுத்துவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. என் கணவர் கட்டாரில். நான் சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூருக்குப் படிப்பிக்கப் போக வேண்டும். தங்கச்சி அதே ஊரில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தாள். பஸ்ஸில் போனால் காலையில் நின்றுகொண்டுதான் போகவேண்டும். உம்மாவின் வளவுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு. ஒரே வாசலால் வெளியே வந்து, ஒரே வண்டியில் ஏறி, ஒரே வீதியால் போனோம். நான் ஓட்டுவேன், அவள் அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு பக்கமாக இருப்பாள். அவளுடைய புருஷன் கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கிறார். முதலில் அவர் விரும்பவில்லை. பிறகு ஓட்டோச் செலவு மிச்சம் என்று பேசாமல் இருந்தார்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தக் காலையில் மாளிகைக்காட்டைத் தாண்டும்போது வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல ஓர் இழுவை. பிரேக்கை விட்டபிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பது போல. இரண்டு விநாடிதான், பிறகு சரியாகிவிட்டது. தங்கச்சிக்கும் அது தெரிந்தது. நிப்பாட்டிப் பார்ப்போம் என்றாள். பாடசாலையில் அன்று தவணைப் பரீட்சை, வினாத்தாள் கட்டு என்னுடைய பையில் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். காரைதீவுச் சந்தியில் திரும்பவும் இழுத்தது. திரும்பவும் அவள் சொன்னாள். அங்கே மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று திறந்தும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் வீதியின் இரண்டு பக்கமும் வயல் வருகிற இடத்தில், முன்னால் ஒரு மாடு இறங்கியது. நான் அவசரமாகப் பிரேக் பிடிக்கவில்லை. மாடு தூரத்தில்தான் நின்றது. பின் பிரேக்குக்கான இடது பிடியை மெதுவாக அமத்தினேன். முன்சில்லு அப்படியே நின்றுவிட்டது. வண்டி என்னைத் தூக்கி வீதிக்கரைப் புல்லில் போட்டது. தங்கச்சியை மதகுக் கல்லில் போட்டது.

எனக்கு முழங்கைத் தோல் உரிந்தது, அவ்வளவுதான். அவளுடைய வலது முழங்காற் சில்லு மூன்றாக உடைந்தது.

வயலில் வேலை செய்துகொண்டிருந்த காரைதீவுக்காரர் ஒருவர் ஓடிவந்தார். முதலில் தங்கச்சியை நிழலுக்குத் தூக்கிக் கொண்டுபோக உதவி செய்தார். பிறகு வண்டியை வீதியை விட்டு நகர்த்தப் பார்த்தார். அது உருளவில்லை.

"புள்ள, முன்சில்லு சுத்துதில்ல. பூட்டுப் போட்ட மாதிரி நிக்குது" என்றார்.

நான் அதைக் கேட்டேன். ஆனால் அந்த நேரம் தங்கச்சி கத்திய கத்தில் வேறு ஒன்றும் என் காதில் தங்கவில்லை.

வண்டியை ஷோரூம் ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். உத்தரவாதக் காலம் முடியாததால் வெளியில் யாரும் அதில் கை வைக்கக் கூடாதாம். ஒரு கிழமை கழித்து நான் போனேன். சர்வீஸ் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கொழும்பில் படித்துவிட்டு வந்தவர், எங்கள் ஊர்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சில்லைக் கையால் சுற்றிக் காட்டினார். காற்றாடி போலச் சுற்றியது. வீதியில் அது பூட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். காரைதீவுக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"டீச்சர், வண்டியில ஒரு பிழையும் இல்ல. பொம்புளையள் பயந்தா ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிக்கிற. அதுக்கு வண்டி என்ன செய்யிற?"

அங்கே வண்டி பார்க்க வந்திருந்த இரண்டு மூன்று ஆண்களும் சிரித்தார்கள். ஹாஜியார் கண்ணாடி அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் பெரிய முசீபத்த லேசா ஆக்கித் தந்திரிக்கான் டீச்சர்" என்றார். என் தங்கச்சி ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி வைத்தபடி கிடந்தாள். அந்த ஆபத்தில் லேசு என்பது எது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்றுவரை நான் என்னை மன்னிக்காத விஷயம், அவர்கள் சொன்னதை நான் நம்பியதுதான். பயந்துவிட்டேனோ, வலது பிடியையும் சேர்த்து அமத்திவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் விழுந்த அந்த இரண்டு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நூறு தரம் ஓட்டினால் நடந்ததே மாறிப்போகிறது. கடைசியில் நானே இரண்டு கையாலும் பிடித்ததாக எனக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. தங்கச்சியின் புருஷன் கேட்டபோது, "ஓம், நான்தான் பிழையாப் புடிச்சன்" என்று சொல்லியும் விட்டேன்.

அவர் அடுத்த மாதம் வளவின் நடுவால் சீமெந்துக் கல் இறக்கினார். ஒன்பது நாளில் மதில் எழும்பியது. உம்மா அந்தப் பக்கம், தங்கச்சியோடு. நான் இந்தப் பக்கம். உம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் வீதிக்கு இறங்கி, ஒழுங்கையால் சுற்றி, அவர்களுடைய கேட்டைத் தட்ட வேண்டும். நான் உள்ளே வந்தால் தங்கச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். நொண்டி நொண்டி அவள் போகிற சத்தம் கேட்கும். இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கால் மடியாது. நாற்காலியில் இருந்துதான் தொழுகிறாள். முப்பத்தேழு வயதில்.

ஷோரூம்காரர்கள் வண்டிக்கு நிறம் பூசித் திருப்பித் தந்தார்கள். நான் அதைப் பின்பக்கத் தாவாரத்தில் விட்டு மூடிவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது.

பின்னேரங்களில் இருந்து தமிழாக்கினேன். ஒவ்வொரு அத்தியாயமும் என் எரிச்சலைக் கூட்டியது. கம்பெனியைத் தொடங்கியவர் ஆரம்பத்தில் தகரத்தில் வாளி அடித்தவராம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருடைய வாளியில் கூட எதிர்காலம் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள். அவருடைய இரண்டு மகன்களும் சண்டை பிடித்துத் தொழிற்சாலையைப் பிரித்துக்கொண்டதை இரண்டு சிறகு விரிந்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஐரோப்பாவில் மூடிய ஒரு கம்பெனியின் பழைய இயந்திரங்களை இறாத்தல் கணக்கில் வாங்கியதை மேற்கும் கிழக்கும் கைகுலுக்கியதாக எழுதியிருந்தார்கள். முதலாவது ஸ்கூட்டர் இரண்டு பேரை ஏற்றினால் மேட்டில் ஏறாதாம். அதையும் ஒரு பகிடியாகச் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கி, மேட்டில் மனைவியை இறக்கி நடக்க விட்டவனுக்கு அது பகிடியாக இருந்திருக்குமா?

தொழிலாளர் தொழிற்சாலைப் படலையை மறித்து இருந்த ஒரு காலத்தைப் பற்றி அரைப் பந்தி வந்தது. குடும்பத்துக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் வேலைநிறுத்தம் என்று எழுதினேன். பெண்களுக்கென்று ஸ்கூட்டர் செய்த கதைக்கு ஒரு முழு அத்தியாயம். பெண்களுக்குத் தாங்கள் விடுதலை வாங்கிக் கொடுத்த மாதிரி. பேனையை வைத்துவிட்டு எழும்பி, முற்றத்தில் போய் நின்று, அந்த மதிலைப் பார்த்துவிட்டு வந்து திரும்ப எழுதினேன்.

தரத்தைப் பற்றிய அத்தியாயத்தில்தான் அது இருந்தது. வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற கம்பெனி தாங்கள் என்று காட்டுவதற்காக ஒரு சம்பவத்தை உதாரணமாக எழுதியிருந்தார்கள். அவர்களுடைய நாட்டில் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரே மாதிரி முறைப்பாடுகள் வந்தனவாம். பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிப்பதற்காக ஒரு கேபிள் வைத்திருந்தார்கள். உப்புக்காற்றில் அந்தக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, விட்ட பிரேக் திரும்பி வராமல், முன்சில்லு திடீரென்று பூட்டிக்கொண்டதாம். பொறியியலாளர்கள் மாதக்கணக்காகக் கடற்கரையில் தங்கி ஆராய்ந்து, உள்ளே பிளாஸ்டிக் பூசிய புதுக் கேபிளைக் கண்டுபிடித்தார்களாம். அந்த வருஷத்துக்குப் பிறகு செய்த வண்டிகள் எல்லாவற்றிலும் அதைத்தான் போட்டார்களாம். எந்த வருஷம் என்றும் இருந்தது. நான் வண்டி வாங்கியதற்கு முந்தைய வருஷம். பக்கத்தில் ஒரு படம்: கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மூன்று பொறியியலாளர்கள், சிரித்த முகத்தோடு.

நான் அந்தப் பந்தியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அழுகை வரவில்லை. என்னுடைய ஞாபகம் மட்டும் திரும்பி வந்தது. மெதுவாகத்தான் அமத்தினேன். இடது பிடியை மட்டும்தான்.

வண்டியைத் தாவாரத்திலிருந்து வெளியே எடுத்து, உருட்டிக்கொண்டே மாளிகைக்காட்டில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற பாஸிடம் போனேன். முன் பிரேக்குக்குப் போகிற கேபிளைக் கழற்றி வெட்டிப் பார்க்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. குறட்டால் வெட்டி, உறையைப் பிளந்து, என் முன்னால் பிடித்தார். உள்ளே மண்ணிறத் தூள் கொட்டியது. பிளாஸ்டிக் பூச்சு ஒன்றும் இல்லை. நிறம் பூசித் தந்தவர்கள் இதை மாற்றவே இல்லை.

"இது பழைய சாமான். இந்தக் கரையில இந்த வண்டி எல்லாத்துக்கும் வாற வருத்தம்தான் டீச்சர்" என்றார். தான் ஷோரூமுக்குப் போய் இரண்டு தரம் சொன்னதாகவும், உன்னுடைய வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

அதற்கு அடுத்த நாளே ஷோரூமுக்குப் போனேன். முழுப் புத்தகத்தையும் தமிழாக்கி முடித்திருந்தேன். ஒரு வரியும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹாஜியார் எழும்பி நின்று சலாம் சொல்லி வரவேற்றார். குளிர்பானம் எடுத்துவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. சர்வீஸ் பொறுப்பாளரையும் கூப்பிடச் சொன்னேன். இப்போது அவர்தான் முகாமையாளர். அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு பேரின் முன்னாலும் வைத்துச் சத்தமாக வாசித்தேன். பிறகு வெட்டிய கேபிளைப் பையிலிருந்து எடுத்து மேசைக் கண்ணாடியில் வைத்தேன். தூள் கொட்டியது.

முகாமையாளர் அதைத் தொடவில்லை. இது வேறு நாட்டுக் காலநிலையைப் பற்றி எழுதியது, எங்களுக்கு வந்த வண்டிகள் வேறு தொகுதி என்று என்னவோ சொன்னார். உங்களுக்கு இது தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். கம்பெனியிலிருந்து கடிதங்கள் நிறைய வரும், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்க முடியாது என்றார். அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்தது.

ஹாஜியார் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"டீச்சர், வரலாறு எண்டா நல்லதத்தான் எழுதுற. இந்தப் பந்தி நம்மட சனத்துக்குத் தேவையில்ல. எடுத்துப்போட்டு மத்ததத் தாங்க."

"அவங்களே பெருமையா எழுதி இரிக்காங்க ஹாஜியார். நீங்க ஏன் வெக்கப்படுறீங்க?"

"நாலு வருஷத்துக்குப் பொறகு இதக் கிண்டி என்ன வரப்போகுது?"

"என்ட தங்கச்சி நாலு வருஷமா கதிரையில இரிந்து தொழுறா. நீங்க ரெண்டு பேரும் அவட ஊட்டுக்கு வந்து, வண்டிலதான் பிழை எண்டு சொல்லுங்க. அத மட்டும்தான் கேக்கிறன்."

அவர் முகாமையாளரைப் பார்த்தார். முகாமையாளர் நிலத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் வரமாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தாள்கட்டை மேசையில் விட்டேன். பந்தியை எடுப்பதென்றால் என்னுடைய பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கேபிளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து நேரே தங்கச்சி வீட்டுக் கேட்டைத் தட்டினேன். அவளுடைய புருஷன் கடையில். உம்மா படுத்திருந்தார். தங்கச்சி வழமைபோல அறைப்பக்கம் திரும்பினாள். நில் என்று சொன்னேன். அந்த மாதிரி ஒரு குரலில் நான் அவளோடு நாலு வருஷமாகக் கதைத்ததில்லை. நின்றாள். ஆங்கிலப் பக்கத்தையும் என்னுடைய தமிழையும் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டையும் வாசித்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நான்தான் படிப்பித்தேன். கேபிளையும் காட்டினேன். நான் பிழையாகப் பிடிக்கவில்லை, வண்டிதான் பூட்டிக்கொண்டது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் ஒரு சந்தோஷம் ஏறியது. அது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"கம்பெனிக்காரன் செஞ்சது அவன்ட பாவம். நான் ரெண்டு தரம் நிப்பாட்டுங்க எண்டு சொன்னன் ராத்தா. நீங்க நிப்பாட்டல்ல. அது இந்தப் புத்தகத்தில எத்தினையாம் பக்கத்தில இரிக்கு?"

நான் பரீட்சை என்றேன். வினாத்தாள் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கதவு சாத்தியது. நாலு வருஷமாக அவள் கோபித்தது பிரேக்குக்காக அல்ல என்பது எனக்கு அந்த வாசலில் வைத்துத்தான் தெரிந்தது. என்னிடம் யாரும் மறைக்கவில்லை. நான்தான் அவளிடம் ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் வந்தது வெறும் கோபம்தான். இவ்வளவு தூரம் தோண்டி எடுத்துக்கொண்டு வந்ததை மடித்துத் திருப்பித் தந்துவிட்டாளே என்ற கோபம். வீட்டுக்கு வந்து, அந்தக் கோபம் முழுவதையும் ஷோரூமின் பக்கம் திருப்பினேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் பாடசாலையில் மட்டும் அந்தக் கம்பெனி ஸ்கூட்டரில் வருகிற டீச்சர்மார் பதினொரு பேர். அந்தப் பக்கத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் போட்டோப் பிரதி எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். மற்றப் பாடசாலைகளுக்கும் கொடுத்தனுப்பினேன். சிலர் அன்றைக்கே மாளிகைக்காட்டு பாஸிடம் போனார்கள். ஒருத்தி, ஹாஜியாரோடு உங்களுக்கு என்ன பகை என்று கேட்டாள். பகைதான் என்றேன். இன்னொருத்தி தாளை வாங்காமலே போனாள், அவளுடைய தம்பி ஷோரூமில் வேலை.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பாடசாலைக்குள் வியாபாரப் பிரச்சினை வேண்டாம், ஹாஜியார் பாடசாலைக்கு மதில் கட்டித் தந்தவர் என்றார். நான் கொடுத்ததில் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கம்பெனியின் சொல், நீங்களே தமிழாக்கச் சொல்லித் தந்தது என்றேன். அவர் அன்றிலிருந்து என்னோடு கடமைக்கு மட்டும்தான் கதைக்கிறார். முகாமையாளர் தொலைபேசியில் அழைத்து வழக்குப் போடுவோம் என்றார். போடுங்கள் என்றேன். போடவில்லை.

புத்தகம் வந்தது. விழாவில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம், நான் போகவில்லை. பிறகு ஒரு பிரதி பார்த்தேன். அந்தப் பந்தி இருந்த இடத்தில் கடலைப் பார்த்து நிற்கிற பொறியியலாளர்களின் படம் மட்டும் பெரிதாக இருந்தது. எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் விளங்காது. வேலைநிறுத்தம் என்று நான் எழுதியதும் மனத்தாங்கலாக மாறியிருந்தது. என் பெயர் இல்லை. பெயரை எடுக்கச் சொன்ன என் அந்த ஒரு சொல்லையாவது அவர்கள் காப்பாற்றினார்கள்.

விழா முடிந்து மூன்றாவது கிழமை, வாடிக்கையாளர் மாதம் என்று பதாகை கட்டி, இலவச சர்வீஸ் முகாம் ஒன்று வைத்தார்கள். ஷோரூம் முற்றத்து மாமர நிழலில் இரண்டு நாள் வண்டிகள் வரிசையில் நின்றன. பெரும்பாலும் பெண்கள். நானும் என்னுடைய வண்டியை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு வண்டியிலும் முன் பிரேக் கேபிளைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் பூசிய புதுக் கேபிளைப் போட்டார்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கழற்றிய பழைய கேபிள்களைப் பசளைப் பையில் போட்டுக் கட்டி வான் ஒன்றில் ஏற்றினார்கள். என்னுடைய முறை வந்தபோது முகாமையாளர் அங்கே நின்றார். என் வண்டியில் கழற்ற அந்தக் கேபிளே இருக்கவில்லை, அது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. புதியதை மட்டும் போட்டார்கள். ஏன் இதை மாற்றுகிறீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அவரிடம் கேட்டேன்.

"வழமையான சர்வீஸ்தான் டீச்சர்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

ஹாஜியார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து எனக்குச் சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. வாய்க்குள் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நாலு வருஷத்துக்குப் பிறகு ஓட்டுகிறேன். இடது கையை அமத்துவதற்கு இப்போதும் மனம் வராமல், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் குறைத்து வந்து சேர்ந்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னது. நடந்து சுற்றிப் போகாமல் ஸ்கூட்டரிலேயே போய், அவர்களுடைய கேட்டுக்குள் ஏற்றி, முற்றத்தில் நிற்பாட்டினேன். தங்கச்சி முன்வாசலில் நாற்காலியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் போக எழும்பவில்லை. நான் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத உள்ளுக்கு வெக்காதீங்க. வெளியால வெச்சிட்டு வாங்க."

ஹெல்மட்டைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பி உருட்டி, ஒழுங்கையில் வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். உம்மாவுக்கு அப்போது காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது.